ஜனவரியில் விழுந்த ஷிண்டே

இன்று ஒரு நல்ல விற்பனையாளரை எல்லார் முன்னிலையிலும் சோம்பேறி என்றார்கள். தவறு அவருடையது அல்ல, ரிப்போர்ட்டுடையது.

புனேயின் கசார்வாடியில் எங்கள் ரப்பர் வாஷர் கம்பெனி. காலைக் கூட்டத்தில் புதிய ரிப்போர்ட்டைத் திரையில் போட்டார்கள். அதில் ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கியதிலிருந்து விற்றதன் மொத்தம் மாதாமாதம் கூடிக்கொண்டே போக வேண்டும். முதலில் அந்த விற்பனையாளர் ஷிண்டேயின் பக்கம் வந்தது. டிசம்பர் வரை ஏறிய கோடு ஜனவரியில் தரைக்கு இறங்கியிருந்தது.

கோல்ஹாப்பூர் ஏரியாவை அவரிடமிருந்து எடுத்துவிடப் போவதாக மேனேஜர் சொன்னார். ஷிண்டே தலை குனிந்து நின்றார்.

மற்றவர்கள் பக்கத்தையும் காட்டுங்கள் என்றேன். எல்லாருமே ஜனவரியில் விழுந்திருந்தார்கள்.

ரிப்போர்ட்டைச் செய்தவர் கூட்டத்துக்கு விமான் நகரிலிருந்து வந்திருந்த கோயம்புத்தூர் இளைஞர். "அங்கிள், டூல் தப்பா கூட்டாதுங்க" என்றார்.

"அது சரியாத்தான் கூட்டுது தம்பி. வருஷம் டிசம்பரோட முடியுதுன்னு நினைச்சுக்கிட்டு ஜனவரியில மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. நமக்கு மார்ச் முப்பத்தொண்ணு. அதை நீங்கதான் ஃபார்முலாவுல சொல்லணும்."

"இதை எங்கீங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கல. நானே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டேன்."

தேதியைச் சேர்த்ததும் ஷிண்டேயின் கோடு இலக்கைத் தாண்டிப் போனது. மேனேஜர், 'சரி, போகலாம்' என்பதை மராத்தியில் சொல்லி, "சலா, அடுத்த பக்கம்" என்றார். அவ்வளவுதான்.

அது போதாது. தம்பி எல்லா ரிப்போர்ட்டிலும் அந்தத் தேதியைச் சேர்க்க வேண்டும். மேனேஜர் நாளைக் காலை அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், ஷிண்டேயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும் வரை தினமும் நினைவுபடுத்துவது என் வேலை.

நீங்கள் உங்கள் ஆபீஸ் ரிப்போர்ட்டில் ஜனவரியைப் பாருங்கள். அங்கே தலை குனிந்து நிற்பவர் யார் என்று எனக்கும் சொல்லுங்கள்.