தெரியாதுன்னு சொன்ன போர்டுக்காரி

தெரியாதுன்னு சொன்னது மானக்கேடுன்னா, அறிவியல் மன்றத் தலைவரே, போர்டுக்குப் பக்கத்துல ஆளையே நிறுத்தியிருக்கக் கூடாது. கண்காட்சியில விளக்கம் சொல்ற வேலைன்னா வாயைத் திறந்துதான் ஆகணும். செபராங் ஜெயா ஹால்ல ரெண்டு நாள் நின்னேன். இப்ப அடுத்த மாசம் ஜார்ஜ் டவுன் கண்காட்சிக்கு என் பேரை வெட்டிட்டீங்க. என்னை மாதிரி நின்னு நின்னு கால் வீங்கினவங்களே, நடந்ததைச் சொல்றேன், நீங்களே பாருங்க.

யாரு முறுக்குறா?

எங்க போர்டு பிரபஞ்சத்தைப் பத்தி. ‘விரிகிறது, ஆனால் வேகம் குறைந்துகொண்டே வருகிறது’ன்னு தலைவர் எழுதிக் கொடுத்தபடி அச்சடிச்சிருந்தாங்க. அது பழைய கதை. வெடிச்ச நட்சத்திரங்களைப் பார்த்து அளந்தவங்க போன வருஷமே, தொண்ணூத்தெட்டுலயே சொல்லிட்டாங்க, வேகம் கூடுதுன்னு. தள்றது எதுன்னு தெரியல. இருண்ட ஆற்றல்னு பேர் மட்டும் வச்சிருக்காங்க.

பைராம் தோட்டத்துலேருந்து மோட்டார்ல வந்த ஒரு அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு போர்டை முழுசாப் படிச்சார். "கையை எடுத்தப்புறமும் மோட்டார் ஸ்பீடு ஏறுதுன்னா யாரோ முறுக்குறாங்க லா தங்கச்சி. இதுல குறையுதுன்னு போட்டிருக்கே, போர்டு பொய்யா, நீ பொய்யா?"

வெள்ளைத்தாள்

போர்டுதான் பொய். ‘குறைந்து’ங்கற இடத்துல ‘கூடிக்’ன்னு எழுதி வெள்ளைத்தாள் ஒட்டினேன். கூட நின்ன குணா பசை டப்பாவை ஒளிச்சு வச்சுப் பார்த்தான், நான் விடல. "அக்கா, பிரபஞ்சம் எவ்வளவு வேகமா வேணா போகட்டும் லா, தலைவர் எழுதின போர்டுல மெதுவாத்தான் போகணும்."

ஒண்ணா, வேறயா?

டத்தோ கிராமாட்லேருந்து ஒரு ஐயா வந்தார். ஆபீஸ்ல கணக்கு எழுதிப் பென்ஷன் வாங்கின கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். ஆரம்பத்துல கண் இமைக்கிறதுக்குள்ள பிரபஞ்சம் தாறுமாறா ஊதிப் பெருத்துச்சுன்னு சொல்றாங்களே, அந்தப் பெருவீக்கமும் இந்த இருண்ட ஆற்றலும் ஒண்ணான்னு கேட்டார்.

ரெண்டுலயும் விரியற வேகம் ஏறிக்கிட்டே போகுது, அது ஒத்துப்போகுது. ஆனா பெருவீக்கம் பயங்கர வேகம், சட்டுனு நின்னுடுச்சு. இது ரொம்ப மெல்லிசு, கோடிக்கணக்கான வருஷம் கழிச்சுத்தான் தலையைக் காட்டுது. ரெண்டும் சொந்தமா, வெறும் சாயலா? "தெரியாது ஐயா, யாருக்குமே இன்னும் தெரியாது"ன்னேன். என் முதுகுக்குப் பின்னால நீங்க நின்னதை நான் பாக்கல தலைவரே. ஐயா குடையைக் கை மாத்திப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "எல்லா மேசையிலயும் தெரியும் தெரியும் எண்டுதான் சொன்னவை. நீர் ஒராள்தான் பிள்ளை, வீட்ட போய் யோசிக்க ஏதும் தந்தனீர்."

அன்னைக்குச் சாயங்காலமே தாளைக் கிழிச்சீங்க, என் பேரையும் வெட்டினீங்க. சரி, ஜார்ஜ் டவுன் திறப்பு விழாவுல மைக் உங்க கையிலதான் இருக்கப் போகுது. வேகம் கூடுதா, குறையுதா? அன்னைக்குத் தள்ளினதும் இன்னைக்குத் தள்றதும் ஒண்ணா, வேறயா? போர்டு வேலையில நான் கண்டது, தெரியாதுன்னு சொன்னவ வெளிய, தப்பா எழுதினவர் மேடையில, அதனால சபை முன்னாடி நீங்களே பதில் சொல்லுங்க தலைவரே.