பிரியாணிக்கு அனுப்பிய இருநூறு ரூபாய்

போன வருஷம் காலேஜ் அட்மிஷன் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில், ஒரு சின்ன வங்கிக் கிளையில் நடந்தது இது.

வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்றில், மும்பையில் வேலை பார்க்கிறேன். குவாண்டம் கம்ப்யூட்டர்தான் என் துறை. அது முழுசாக வளர்ந்துவிட்டால், நம் பணத்தைக் காக்கும் இன்றைய ரகசியக் குறியீடுகளை உடைத்துவிடும். அதற்கு முன்னால் வங்கிகளைப் புதிய குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். திண்டுக்கல்காரி என்று தெரிந்ததும் என்னிடம் பூட்டு ஜோக் அடிக்காதவர் ஆபீஸில் ஒருவர்கூட இல்லை. அந்த ரோஷத்திலேயே, முதல் சோதனையை எங்கள் ஊர்ப் பக்கம்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன்.

அன்று காலை திண்டுக்கல் பேகம்பூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து, அத்தாவின், அதாவது அப்பாவின் பைக்கில், புதுச் சுடிதாரில் போய் இறங்கினேன். கிளை ஊழியர்களும் நானுமாகக் கிளையின் லைனைப் புதிய குறியீட்டுக்கு மாற்றினோம். கணக்கில் இருப்பு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தோம், உடனே பதில் வந்தது. மும்பையில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த என் மேலதிகாரி கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கவுண்டரில் முதல் ஆளாக ஓர் அக்கா. மகளுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. மதியத்துக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். மகள் அங்கே காலேஜில் காத்திருந்தாள். பணத்தை அனுப்பினோம், போகவில்லை. மறுபடி அனுப்பியும் போகவில்லை.

"ஏம்மா, இம்புட்டுப் பேரு சுத்தி நிக்கிறீங்க, ஒரு பணம் போகலையா?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்றது.

"இன்னும் கொஞ்சம் பாருங்கள். பழையதுக்குத் திரும்பினால் சோதனை தோல்வி என்றுதான் எழுத வேண்டும்" என்றார் மேலதிகாரி. இதற்காக நாங்கள் வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறோம். அக்காவோ போனில், "செத்த நேரம் இருத்தா, போட்டுக்கிட்டு இருக்காக" என்று மகளைத் தேற்றிக்கொண்டிருந்தார். பேசும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழசுக்கே மாத்திருங்க" என்றேன்.

பணம் போனது. மகள் போட்ட சத்தம் போனிலிருந்து கிளை முழுக்கக் கேட்டது. எனக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகுதான் மேனேஜர் மேஜைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். தூசி படிந்த ஒரு பழைய ரவுட்டர். பணம் அனுப்பும்போது மட்டும் கூடவே போகிற கம்ப்யூட்டர் கையெழுத்து, புதிய முறையில் பல மடங்கு பெரியது. மும்பையின் வேகமான லைனிலேயே சோதித்துப் பழகிய எங்களுக்கு, இப்படி ஒரு பெட்டி அதை விழுங்க முடியாமல் திணறும் என்று தோன்றவே இல்லை. மறுபடி புதிய குறியீட்டுக்குப் போய், தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்பும்படி மாற்றினோம். இனி யாராவது பணம் அனுப்பிப் பார்க்க வேண்டும். ஊழியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பஸ்ஸுக்காக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தார். "என் கணக்குல இருந்தே போடுங்க. புள்ள காலையில இருந்து சாப்பிடல. பிரியாணி சாப்பிட எறநூறு ரூவா அனுப்புங்க."

"அக்கா, மறுபடி நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும், சீட்டுதான் கெடச்சிருச்சே. நீ அம்புட்டு நேரமும் மேசைக்கு அடியில கெடந்தத பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

பட்டனை அழுத்தினோம். அக்காவின் போன் அடித்தது, மகள்தான். "காசு வந்திருச்சும்மா. இது எதுக்கு?"

கிளையே ஆரவாரம் செய்தது. வீடியோவில் மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கேஷியர் ஓடிப்போய் எல்லோருக்கும் டீ சொன்னார். அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வெளியே ஹாரன் கேட்டதும், "வாரேன்மா, பஸ்ஸு போயிரும்" என்று ஓடிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

இன்றைக்கு எந்தப் புதிய விதியை எழுத உட்கார்ந்தாலும், "இது அகரத்தில் ஓடுமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வரப்போகிற ஆபத்தைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் அந்த அக்கா கவுண்டரில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும், அவர் பணம் மகளிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.