கூறைச்சேலையைக் கொடுத்த கை

குழந்தைகளே, நான் எட்டாவதோடு நின்றவன். மில்லில் ஷிப்டு முடிந்து வந்து நாலு பக்கம் படித்தால் தூக்கம் வந்துவிடும். போன மாதம் நூலகத்திலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய பெரிய நாவலைப் பாதியில் ஏன் மூடினேன் என்று பெரியவள் கேட்டாள். அதற்குப் பதில்தான் இது.

அதில் ஒரு கல்யாணம் வருகிறது. மாப்பிள்ளையின் அக்காள் கணவனை இழந்தவள். தம்பியை வளர்த்தவளும் அவள்தான். கல்யாணத்தன்று உள்ளறையில் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே, மேளச்சத்தத்தை வைத்து இப்போது எந்தச் சடங்கு என்று தெரிந்துகொள்கிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தம்பியும் கூப்பிடவில்லை. அழுகை ஒரு வரிகூடக் கிடையாது. எப்பேர்ப்பட்ட எழுத்து! எங்கள் சமையல்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி எழுதியிருக்கிறார்.

ஏனென்றால் அந்தத் தம்பி நான்தான். உங்கள் அத்தை இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்து, பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். தாயில்லாத என்னை வளர்த்தார். நம் பக்கத்து இணைச்சீர் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று சீர் செய்து, கூறைச்சேலையை மணப்பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாலியில்லாதவள் அதைச் செய்யக்கூடாது என்று, பெரியவர்கள் என் சித்தப்பா மகளை நிறுத்தினார்கள்.

“அதுதான் முறை கண்ணு. எனக்கு அடுப்படில வேல கெடக்குது” என்றார் உங்கள் அத்தை. நான் தலையை ஆட்டினேன்.

சீர் முடிந்தது. பெண் வீட்டார் தங்கியிருந்த பக்கத்து வீட்டுக்குச் சேலையோடு போன சித்தப்பா மகள், சேலையோடே திரும்பி வந்தாள்.

“பொண்ணு வாங்கமாட்டீங்குதுங்க. மாப்பிள்ளைய வளத்துன நங்கையா எங்கீங்கன்னு கேக்குது. அவிய கையில குடுத்தாத்தான் கட்டுவனாமா.”

நங்கையா என்றால் நாத்தனார். உங்கள் அம்மா அதுவரை அத்தையைப் பார்த்ததுகூட இல்லை.

“தாலியே இன்னும் ஏறுல, அதுக்குள்ள அதிகாரத்தப் பாரு!” என்றார் ஒரு பெரியப்பா.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்தால் கல்யாணமே நின்றுவிடும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். சடங்கு நடத்துகிற அருமைக்காரர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பொண்ணு கேக்கறது நாயந்தானுங்க. அந்தப் புள்ளையக் கூப்புடுங்க” என்றார்.

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனார். உள்ளே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். சேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவரின் கையை உங்கள் அம்மா பிடித்துக்கொண்டாளாம்.

“உடு அம்மணி, அடுப்புல பருப்புக் கெடக்குது.”

“கெடக்கட்டுங்க. நீங்களே கட்டி உட்டுப்போட்டுப் போங்க.”

“என்ற கையில வேண்டாஞ்சாமி.”

“அந்தக் கையில வளந்தவரத்தானுங்க நான் கட்டிக்கப்போறேன்.”

பதினெட்டு வயதில் அதைச் சொல்ல அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாவல் எழுதிய அந்தப் பெரிய மனிதருக்குக்கூட இப்படி ஒரு பெண் தோன்றவில்லை.

அத்தைதான் சேலை கட்டிவிட்டு, கையைப் பிடித்து உங்கள் அம்மாவைப் பந்தலுக்குக் கூட்டி வந்தார். அன்று பந்தியில் பருப்பு அடிப்பிடித்த வாசம். முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டவர்களும் அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.