வலைக்கயிற்று முடிச்சு

அறுபதுகளின் கடைசியில் நான் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபர். காலையில் முதல் வேலை, எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விபத்துப் பதிவேட்டைப் புரட்டுவது. அவசர சிகிச்சைக்கென்று இருந்தது வராந்தாவை ஒட்டிய ஓர் அறைதான். இரும்புக் கட்டில், டிங்சர் வாசனை, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர். அந்த வாசனை இன்றும் எங்காவது வந்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

ஒருநாள் பழவேற்காட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. அப்படி வந்தால் உள்ளே ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். பயணிகள் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

ஒரு மீனவர் தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் வந்த அவருடைய தம்பியின் கையில் மீன்கூடை. அதில் அடிபட்டுச் செத்த கண்ணாடி விரியன். சவுக்குச் சருகு பொறுக்கும்போது கணுக்காலில் கடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே கணவர் வலை பின்னும் நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார். கால் வீங்கி, கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. பாதம் கருநீலம்.

"இன்னாய்யா, பொண்டாட்டி காலக் கட்டினியா, படகக் கட்டினியா?" என்றார் கம்பவுண்டர். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் விஷமுறிவு மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, கட்டை அவிழ்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கால் போய்விடும் என்றார். நர்ஸ் எடுத்த கத்தரிக்கோலின் முனை கயிற்றுக்கடியில் நுழையவில்லை. நுழைத்தால் தோல் கிழிந்தது. கடித்தது விரியன்; அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, கிழிந்தால் நிற்காது.

"அவுக்காதீங்கம்மா! அவுத்தா விஷம் தலைக்கு ஏறிடும், செத்துடுவா," என்று மீனவர் குறுக்கே நின்றார்.

நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. பாட்டிலைக் காட்டினார். "மருந்து உள்ள போய்க்கினு இருக்குது பாரு. நீ வழிய அடைச்சி வச்சா அது எப்படிய்யா காலுக்குப் போவும்? நீ போட்ட முடிச்சு. உன் கைக்குத்தான் தெரியும். நீயே அவுத்துடு."

மீனவர் பாட்டிலையே பார்த்தார். சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பிறகு தரையில் மண்டியிட்டார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்தார். கட்டைவிரல் நகத்தால் ஓர் இழையைத் தள்ளினார், மறுபக்கம் இன்னொன்றை. விரல்கள் அவசரப்படவில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் நர்ஸ் கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தினார். டாக்டரின் விரல் நாடியை விட்டு அசையவில்லை.

நர்ஸ் அந்தப் பெண்ணின் கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது; ரத்தம் திரும்பவில்லை. மறுபடி அழுத்தினார். அப்படியே. எத்தனையாவது முறை என்று நான் எண்ணவில்லை. நகத்தின் ஓரத்தில் மங்கலாய்ச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"வருது," என்றார் நர்ஸ்.

அன்று மாலையே செய்தி எழுதி அனுப்பினேன். சாவு இல்லாததால் பேப்பரில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போனபோது பெண்கள் வார்டில் எட்டிப் பார்த்தேன். மீனவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, நர்ஸ் செய்தது போலவே நகத்தை அழுத்துவதும் பார்ப்பதுமாக இருந்தார்.

"எத்தினி வாட்டிய்யா அமுத்துவ? வலிக்குது, உடு," என்றாள் அவள்.

அவர் விடவில்லை.