ஏழாவது துளை

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. நடந்தது. போன வருஷம் கத்திரி வெயிலில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிழக்கே ஒரு முந்திரிக்காட்டில், பட்டப்பகலில் நடந்தது. ராத்திரி என்றால் கண் மயக்கம் என்று தள்ளிவிடலாம். இது உச்சி வெயில். கூட நின்று தூக்கியவர்கள் ஆறு பேர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். நம்பாதவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். வெள்ளைச்சாமியும் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

வெள்ளைச்சாமிக்கு எழுபத்திரண்டு வயது. சொந்த ஊர் வாலிகண்டபுரம். மூன்று வருஷமாக அந்தக் காட்டுக்குக் காவல். உள்ளேயே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதில் அவரும் அவர் சம்சாரம் கொளஞ்சியம்மாளும். மாசி மாசம் கொளஞ்சி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு பலத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். கொட்டகைக்குள் அடுப்பு மாதிரி கொதி. இருந்தால் முப்பத்தைந்து கிலோ இருப்பாள்.

மே பதினாலாம் தேதி மகன் சுரேஷ்குமார் கத்தாரிலிருந்து லீவில் வருகிறான். நாலு வருஷம் கழித்து வருகிறான். அதுவரை அவள் மூச்சு நிற்கக்கூடாது. வெள்ளைச்சாமிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மகன் முன்னாலேயே ஒரு சாமான் கொடுத்தனுப்பியிருந்தான். லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். நீளப் பை. உள்ளே இரும்புக் குழாய்கள், கெட்டித் துணியில் பெரிய தூளி, ஒரு தார்ப்பாய். மரமே வேண்டாம். குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று மாட்டினால் ஸ்டாண்டு. அதில் தூளியைக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

"இருநூறு கிலோ தாங்கும்னு போட்டிருக்கு பெரியவரே" என்றார் பாய்.

"போட்டிருப்பான். தாங்குறப்ப பாப்பம்."

அஞ்சாம் தேதி காலையில் மாட்டினார். போனில் மகன் முகம் தெரிந்தது. அவன் சொல்லச் சொல்ல இவர் செய்தார். குழாயில் ஒரு சின்னக் குமிழ். அமுக்கிச் சொருகினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். நாலு முறை டக் கேட்டது. அஞ்சாவது கேட்கவில்லை. திருப்பி மாட்டியிருந்தார்.

"அப்பா, அது தலகீழ்ப்பா."

"நீ அங்கேருந்து தலகீழா பாக்குறடா."

திருப்பியதும் டக்.

இரண்டு முனையிலும் மேலிருந்து கீழாக ஏழு துளைகள். தூளி தொய்ந்தால் கொக்கியை ஒரு துளை மேலே ஏற்றவேண்டும். அவர் அடித்துளையில் மாட்டினார். தார்ப்பாய்க்கு முளை அடித்தால் மணலில் நிற்கவில்லை. நாலு மூலையையும் முந்திரிக் கிளைகளில் இழுத்துக் கட்டி, மேற்குப் பக்கத்தை மட்டும் தாழ விட்டார். பத்து இருபதுக்குக் கொளஞ்சியைத் தூக்கிப் போட்டார். காற்றில் தார்ப்பாய் படபடத்தது. இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினாள்.

"இந்தாங்க… முதுகு எரியலங்க" என்றாள் எழுந்ததும்.

வெள்ளைச்சாமி அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கால்கள் மணலில் புதைந்து ஸ்டாண்டு ஒருச்சாய்ந்து நின்றது. அடியில் பலகைக் கல் போடச் சொன்னான் மகன். காட்டில் கல்லுக்கு எங்கே போவது? காட்டோரத்தில் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை. தார் ரோடு வந்தபிறகு யாரும் நடப்பதில்லை. அதன் ஓரம், சருகுக்குள் நீளக் கல் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. கடப்பாரையால் நெம்பிக் கயிறு கட்டி இழுத்தார்.

கொட்டை பொறுக்க வரும் பரிமளா பார்த்தாள். கொளஞ்சிக்குக் குளிக்க ஊற்றுவதும் அவள்தான்.

"அண்ணே, அது ஏதோ வச்ச கல்லு மாதிரி இருக்கு. எடுக்கலாமா?"

"ஏன், உங்கப்பன் வச்சதா?"

"அதுக்கில்லீங்க…"

"நான் போனப்பறம் நீ தொவைக்கிறதுக்கு எடுத்துட்டுப் போவ. தெரியாதா எனக்கு?"

அவள் கொட்டை பொறுக்கப் போய்விட்டாள். கல்லின் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் என்னவோ கீறல். வெள்ளைச்சாமிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கீறல் பக்கத்தைக் கீழே போட்டு, வழவழப்பின்மேல் ஸ்டாண்டின் கால்களைத் தூக்கி வைத்தார். அசையவே இல்லை. கொளஞ்சியைத் தூக்கித் தூளியில் போட்டார்.

அன்றைக்கு ஆறாம் தேதி. பகல் பன்னிரண்டே கால்.

தார்ப்பாய் படபடப்பது நின்றது. காற்று நிற்கவில்லை. மேலே முந்திரி இலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. தார்ப்பாய் மட்டும் நின்றது. பிறகு ஸ்டாண்டு மெல்ல முனகியது. க்ரீச்… க்ரீச்… பார்த்தால் தூளி ஒரு சாண் இறங்கியிருந்தது.

புதுத் துணி, இழுபடும் என்று நினைத்தார். மறுநாள் காலையில் கொக்கியை இரண்டாம் துளைக்கு ஏற்றினார். அன்றைக்கும் பன்னிரண்டே காலுக்குத் தார்ப்பாய் அடங்கியது. மறுபடி ஒரு சாண். எட்டாம் தேதி மூன்றாம் துளை. ஒன்பதாம் தேதி நாலு.

அன்றைக்குக் கொளஞ்சி கண்ணை மூடியபடியே பேசினாள்.

"தள்ளிப் படு ராசாத்தி… எடம் பத்தல."

பேத்தி கவியாவை அவள் அப்படித்தான் கொஞ்சுவாள். பேத்தி நினைப்பு வந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பத்தாம் தேதி ஐந்தாம் துளை. சாயங்காலம் கொளஞ்சியை இறக்கிவிட்டு, ஐம்பது கிலோ முந்திரிக்கொட்டை மூட்டையைத் தூளியில் போட்டுப் பார்த்தார். ஒரு விரற்கடை இறங்கவில்லை. கொக்கி வளையவில்லை. கயிறு நீளவில்லை. மூட்டையை அப்படியே விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். சாமானில் குற்றம் இல்லை.

அப்படியானால் குற்றம் எதில்?

பதினொன்றாம் தேதி ஆறாம் துளை. மத்தியானம் மகன் போனில் கூப்பிட்டான். அம்மாவைக் காட்டச் சொன்னான். இவர் போனைத் தூளிப் பக்கம் திருப்பிப் பிடித்தார். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கூடவே ஆளு இருக்கறது நல்லதுப்பா. மூணே நாளு. வந்துடறேன்."

தன்னைத்தான் சொல்கிறான் என்று வெள்ளைச்சாமி நினைத்தார். போனை வைத்தபோது மணி பன்னிரண்டு இருபது.

பன்னிரண்டாம் தேதி ஏழாவது துளை. அதற்கு மேலே வெறும் குழாய்தான்.

பன்னிரண்டே கால். தார்ப்பாய் அடங்கியது. க்ரீச்… இவர் தூளிக்குப் பக்கத்தில் குந்தினார். அடியில் கையை விட்டுத் துணியைத் தடவினார். கொளஞ்சியின் முதுகு. எலும்பு எலும்பாக… தெரிந்த முதுகு.

கையை நகர்த்தினார்.

பக்கத்தில் இன்னொரு முதுகு.

சதைப்பிடிப்பான முதுகு. அந்த வெயிலிலும் சில்லென்று…

இன்னும் நகர்த்தினார். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இறுகி இருந்தது.

உள்ளங்கையில் உதைத்தது.

சின்ன உதை. ஒன்றே ஒன்று.

கையை உருவிக்கொண்டு எழுந்தார். தூளிக்குள் எட்டிப் பார்த்தார். கொளஞ்சி மட்டும்தான் கிடந்தாள். ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டு… யாருக்கோ இடம் விட்ட மாதிரி.

அவளை வாரி எடுத்துக் கொட்டகைக்குள் கட்டிலில் போட்டார். ராத்திரி முழுக்க மூச்சு இழுத்தது. புண் வெடித்தது. வெளியே கொண்டுபோங்க என்று அழுதாள். உள்ளே போட்டால் வெக்கை கொல்லும். வெளியே போட்டால் அது. விடிந்தால் பதிமூன்று. இன்னும் ஒரே நாள். காலை ஒன்பதுக்குத் திரும்பத் தூளியில் போட்டார். பன்னிரண்டுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். வேப்பிலைக்கொத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு வாரத் தூக்கம் கண்ணில். கொஞ்சம் கண் அசந்துவிட்டது.

முழித்தபோது சத்தமே இல்லை.

தார்ப்பாய் அடங்கியிருந்தது.

தூளி இறங்கிக்கொண்டிருந்தது…

மணலைத் தொட்டது.

"எறக்கி வையி."

கொளஞ்சியின் குரல் போய் இரண்டு மாசம் ஆகிறது. அவள் பேசினால் காற்றுதான் வரும். இது கணீரென்று கேட்டது. வயசுப் பெண்ணின் குரல்.

"கனக்குது… எறக்கி வையி."

வெள்ளைச்சாமி கத்திக்கொண்டே ஓடினார். கொட்டை பொறுக்கியவர்கள் சோற்றை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கொளஞ்சிக்கு வாயில் நுரை. 108 வண்டி காட்டுக்குள் வராது. ரோட்டுக்குத் தூக்கவேண்டும். தூளியைக் கழற்றி இரண்டு பக்கமும் பிடித்தார்கள். செல்லதுரையும் இன்னொருவனும். அசையவில்லை.

"என்னா அண்ணே இது, அம்மாவோட எதையாவது வச்சிருக்கியா உள்ள?"

நாலு பேர் பிடித்தார்கள். முடியவில்லை. ஆறு பேர். எல்லாம் மூட்டை தூக்குகிற ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதைவரை வந்தார்கள். கல் கிடந்த இடத்துக்கு வந்ததும் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கை விட்டுப்போனது. கீழே வைத்துவிட்டார்கள்.

மணி ஒன்று அஞ்சு. கொளஞ்சி போய்விட்டாள்.

அப்புறம் செல்லதுரை ஒருத்தனே அவளைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். குழந்தை மாதிரி இருந்தாள் என்றான்.

பதினாலாம் தேதி மகன் வந்தான். ஐஸ் பெட்டியைத்தான் பார்த்தான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், அந்தச் சாமானைக் கழற்றி மூட்டை கட்டப்போனான். அடியில் கிடந்த கல்லைப் புரட்டினான்.

"அப்பா, இதுல பேரு வெட்டியிருக்கு."

"என்னா பேரு?"

இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, மண்ணைத் தட்டிப் படித்தான். "ராசாத்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணு."

துக்கம் கேட்க வந்திருந்த தங்கசாமி எழுந்து வந்து பார்த்தார். அந்த ஊர்க்காரர். எண்பது தாண்டியவர். கல்லைப் பார்த்ததும் பக்கத்தில் குந்திவிட்டார்.

"ஏப்பா, இது சுமதாங்கிக் கல்லு. இத எவன் பேத்தது?"

மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"நெறமாசக்காரி. வலி கண்டு ரெண்டு நாளா புள்ள வெளிய வரல. தூளி கட்டி ஜெயங்கொண்டத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். ஆறு பேரு. நானும் ஒருத்தன். உச்சி வேள. 'கனக்குது, எறக்கி வைங்க'ன்னு கெஞ்சுனா. எறக்குனா நேரமாவும்னு நாங்க எறக்கல. இந்த எடத்துக்கு வந்ததும் தூக்க முடியல. வச்சோம். போயிட்டா, வயித்துப் புள்ளையோட." தங்கசாமி கல்லைத் தடவினார். "சுமையோட செத்தவளுக்கு வழியில போறவன் சுமைய எறக்கி வக்கணும்னுதான் இத நட்டோம். நீ இதும்மேல சுமைய ஏத்தி வச்சிருக்கியே வெள்ளைச்சாமி."

வெள்ளைச்சாமி அப்படியே மணலில் உட்கார்ந்தார். மகனுக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்கவில்லை. அவன் வேறு எதையோ மனசில் வைத்துக் குமைந்துகொண்டிருந்தான். வந்ததிலிருந்து கேட்கவேண்டும் என்று இருந்தானாம். இப்போது கேட்டுவிட்டான்.

"பரிமளா பரிமளான்னு சொல்லுவீங்களே… அதுவே மாசமா இருக்கு. அன்னிக்கு போன்ல பாத்தேனே, அம்மா பக்கத்துல வயித்தப் புடிச்சிக்கிட்டு படுத்திருந்துச்சி. முடியாத பொண்ண ஏம்ப்பா வேலைக்கு வச்சீங்க?"

பரிமளா அங்கேதான் நின்றாள், தண்ணீர்ச் செம்போடு. தலை முழுக்க நரை. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.