தீவில் ஏரி தேடிய நாள்

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பத்தாவதோடு சரி. நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு வாய் வராது. அதனால் எழுத உட்கார்ந்ததற்கு முதலிலேயே மன்னித்துவிடுங்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஸ்கூட்டரை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. எங்கேயாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தமானில் ஒரு சின்னத் தீவில் கொத்தனாராக இருந்தார். எனக்கு ஒன்பது வயதில், அரைப்பரீட்சை லீவில், உத்திரமேரூர் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போனோம். மூன்று நாள் கப்பல். விருந்துக்குப் போகிறவள் இரும்புப் பெட்டியில் ரேஷன் கார்டையும் இட்லிப் பானையையும் ஏன் எடுத்துவந்தாள் என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை. என் கவலையெல்லாம் சோழி. பல்லாங்குழி ஆட, கடற்கரையில் சோழி பொறுக்கி வருவதாக வகுப்பில் நாலு பேருக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், படகுத்துறைக் கடையில் மாமா ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்.

"தீவு பூரா சுத்திப் பாருங்க மச்சான். இருட்டறதுக்குள்ள வண்டிய வுட்டுடணும்."

நைனா, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வண்டி ஓட்ட, நான் முன்னால் நின்றேன். அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். சோழி போட என் கையில் ஒரு தூக்குச்சட்டி.

தீவு தூங்கி வழிந்தது. கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தார்கள். மாடுகூட வழிவிட அவசரப்படவில்லை. முதல் வளைவில் ஒரு வயல் வந்தது. நைனா வண்டியை நிறுத்தினார்.

"நெல்லு கீதே. அப்ப ஏரி எங்க?"

எங்கள் ஊரில் நெல் இருந்தால் மேலே ஏரி இருக்கும், அதற்கு ஒரு மதகு இருக்கும். வாய்க்காலைப் பிடித்துப் போனால் ஏரியில் முடியும். அதே வழக்கத்தில், தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் நைனா வண்டியைத் திருப்பினார். ஒன்று தென்னந்தோப்பில் முடிந்தது. இன்னொன்று யார் வீட்டுக் கொல்லையிலோ, சோப்பு நுரையில் முடிந்தது.

"நைனா, கடலு..."

"இரும்மா. கடலு எங்க ஓடிடப் போவுது?"

"கப்பலேறி வந்து ஏரி தேடற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் அம்மா. "மதகு கெடச்சா ஒரு பொங்கல வெச்சி, கெடா வெட்டிட்டே போலாம்."

எந்தப் பக்கம் போனாலும் கடலில் முட்டுகிற ஊர் அது. அங்கேயும் நைனா கடலைத் தவறவிட்டார்.

மாலையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் மதுரைப் பக்கத்துக்காரர்.

"ஏரியா? இங்க ஏதுண்ணே ஏரி? பெய்யுற மழையில வெளையுறதுதேன்."

"மழ பேயலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? கூலிக்குப் போவோம்."

நைனா பாதி டீயை வைத்துவிட்டு எதிரே வயலில் இறங்கினார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். உருட்டிப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டார். அங்கேயே நின்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தூக்குச்சட்டியை ஸ்கூட்டரில் டங்கு டங்கென்று தட்டி, அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

நைனா மேலேறி வந்தார். "ஏரி இல்லாத ஊர்ல என்னால ஆவாது," என்றார்.

நாளெல்லாம் கிண்டல் செய்துகொண்டு வந்த அம்மா முந்தானையால் அவர் கை மண்ணைத் துடைத்துவிட்டாள். அவளுக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

வண்டியை விடும்போது இருட்டிவிட்டது. கடல் சத்தம்தான் கேட்டது. காலிச் சட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வரை அழுதேன்.

எங்கள் ஏரி அப்போது இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்தது. 'இங்கேயே வந்துவிடுங்கள்' என்று மாமா எழுதிய கடிதமும், எனக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் வாங்கிய டி.சி.யும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் சோழி கிடைக்கவில்லை என்பதுதான்.

மறுநாள் நைனா ஊருக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போனார். அம்மா இட்லிப் பானையைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.