சுத்தம் என்று எழுதிய கை

எங்கள் பல் மருத்துவமனையில் அவளை எல்லோரும் கம்பியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லுக்குக் கம்பி போடும் டாக்டருக்குப் பதினெட்டு வருடமாக உதவியாள். நான் முன்மேசையில் சீட்டு போடுகிறவள். அவளைவிட நான்கு வயது இளையவள், வாய் மட்டும் அவளைவிட நீளம்.

புதிதாகக் கம்பி போட்ட பிள்ளையை அவள் லேசில் வீட்டுக்கு விடமாட்டாள். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, பிறகு குட்டி பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காக என்று தேய்க்க வைப்பாள். ஒட்டுகிற மிட்டாய் கூடாது, ஐஸ் கட்டியைக் கடிக்கக் கூடாது. பிறகு கூட வந்த அம்மாக்கள் பக்கம் திரும்புவாள். பெற்றவர்கள் தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டாமா, அதைவிட என்ன தலைபோகிற வேலை என்று பிடிபிடியென்று பிடிப்பாள்.

டாக்டரின் கண் கம்பியில் இருக்கும். பல் சுத்தமா என்று பார்ப்பது கம்பியக்காவின் பொறுப்பு. மாதாமாதம் வரும் பிள்ளையின் வாயை முதலில் அவள் பார்த்து, அட்டையில் 'சுத்தம்' என்றோ 'அழுக்கு' என்றோ எழுதுவாள். தொடர்ந்து இரண்டு முறை அழுக்கு என்று வந்தால் டாக்டர் கம்பியைக் கழற்றிவிடுவார். தாட்சண்யம் கிடையாது.

அவளுடைய ஒரே மகளுக்குப் பதினைந்து வயதில் கம்பி போட்டார்கள். எத்துப்பல். பள்ளியில் வைத்த பட்டப்பெயரை அந்தப் பெண் வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஒரு போட்டோவிலாவது அவள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தால் போதும் என்றாள் கம்பியக்கா. தகப்பன் இல்லாத பெண். இவளுக்கு வேறு ஆசையும் கிடையாது.

இரண்டாம் மாதமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மகளை டாக்டர் பார்க்கும் நாளில் தாயும் மகளும் அரை மணி முன்னதாக வந்து உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒருநாள் கையுறைப் பெட்டி எடுக்கப் போனவள் பார்த்தேன். மகளை நாற்காலியில் சாய்த்து, இவளே ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. கழுவித் துடைத்துவிட்டு அட்டையில் 'சுத்தம்' என்று எழுதினாள். அந்த நிமிடத்துக்கு அது பொய்யும் இல்லை.

ஏனக்கா இப்படி என்று கேட்டேன். நாளெல்லாம் ஊரார் வாயைப் பார்த்துவிட்டு வீட்டில் இன்னொரு வாயைப் பார்க்கத் தெம்பில்லை, தேய்த்தாயா என்றால் 'ம்' என்கிறாள், நம்பிவிடுகிறேன் என்றாள்.

"ரெண்டு தடவை அழுக்குன்னு எழுதினா கழட்டிடுவாருடி. என் கையால எப்படி எழுதுவேன்?"

ஊருக்குத்தான் உபதேசமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தேனே என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

இருபத்திரண்டு மாதம் இப்படியே ஓடியது. கம்பி கழற்றும் நாளன்று பெண் புதுச் சட்டை போட்டு வந்தாள். படம் எடுப்பதற்காக நானும் கைபேசியோடு உள்ளே நின்றேன். பல்லில் ஒட்டியிருந்த உலோகப் பொட்டுகளை டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து, பசையைச் சுரண்டினார். பற்கள் நேர்வரிசையாக நின்றன. பொட்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைத் திட்டு, அழுக்கு தங்கி அரித்த தடம். முன்பல் இரண்டில் ஈறோரம் பழுப்புக் குழி.

டாக்டர் அட்டையைப் புரட்டினார். மேலிருந்து கீழ்வரை சுத்தம், சுத்தம் என்றே இருந்தது. அவர் திட்டவில்லை. குழியை அடைத்துவிடலாம், திட்டு முழுசாகப் போகாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பெண் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நீதான் மாசாமாசம் தேய்ச்சு விட்டியேம்மா. அது போதும்னு நெனச்சேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறாள். பல்லைப் பற்றி அவள் அம்மாவைவிடத் தெரிந்தவர் யார்? கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே கம்பியக்கா டாக்டரிடம் போய், கருவி கழுவும் அறைக்குத் தன்னை மாற்றச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டிருக்கிறார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த அம்மாங்ககிட்டப் பேசுவேன் டாக்டர்?" என்றாளாம்.

ஒரு வாரம் கழித்து மதியம் நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். டப்பாவைத் திறக்காமலே இருந்தாள். மகள் இப்போது இரண்டு வேளையும் தேய்க்கிறாளாம், கால் மணி நேரம். அம்மா பார்க்கட்டும் என்று குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேய்க்கிறாளாம். அதைத்தான் தன்னால் பார்க்க முடியவில்லை என்று சொல்லி அழுதாள்.